சங்கரதாசு சுவாமிகளின் இறுதிக்காலம்

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாசு சுவாமிகள், எமன், இரணியன் முதலிய அச்சுறுத்தும் வேடங்களில் புகழ்பெற்றார். பின்னர் நடிப்பைத் துறந்து நாடகாசிரியரானார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்களைப் பயிற்றுவித்தார், அவர்களுள் டி. கே. சண்முகமும் ஒருவர்.

1921இல் பக்கவாதம் அவரது பேச்சையும் கைகால்களையும் முடக்கியது. பாடிக்காட்டிக் கற்பிக்கும் ஆசிரியருக்குக் குரலே கருவி; அதனை இழந்த பின்னும் அவர் குழுவை விட்டு நீங்கவில்லை. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் 13.11.1922 அன்று மறைந்து, கருவடிக்குப்பத்தில் அடக்கமானார்.

நடிகனின் உடல் தளரும்போது அவன் கலையும் தளர்வது மேடையின் இயல்பு. சுவாமிகளோ தம் கலையை முன்னரே பனுவலிலும் மாணவரிடத்தும் ஒப்படைத்திருந்தார். அவரது வள்ளி திருமணம் இன்றும் மேடையேறுகிறது. பபூன் அவ்வப்போது புனைந்துரைக்கும் நகைச்சுவைக்கும் அப்பனுவலே களமாகிறது.