மக்களை நாடிச் சென்ற உபவேந்தர்

பல்கலைக்கழகம் என்றதும் உயர்ந்த மதிலும் பெரிய வாயிலுமே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. உள்ளே செல்வோர் சிலர். வெளியே நிற்போர் பலர். அந்த வாயிலைத் தாண்டி வெளியே வந்து, பாமர மக்களோடு ஒரு பல்கலைக்கழகத்தை இணைத்தவர் கலாநிதி ஸாகிர் ஹுஸைன். இந்தியாவின் முதலாவது முஸ்லிம் ஜனாதிபதி என்றே நாம் அவரை அறிவோம். ஆனால் அவர் அப்பதவியில் இருந்தது 2 ஆண்டுகளுக்கும் சற்றுக் குறைவான காலமே. ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவின் உபவேந்தராக அவர் உழைத்ததோ 22 ஆண்டுகள். அவரது வாழ்க்கையை வாசித்தபோது அந்த 22 ஆண்டுகளே என் மனதில் பதிந்தன.

அன்னார் 1897 பெப்ரவரி 8ஆம் திகதி ஹைதராபாத்தில் பிறந்தார். பத்து வயதில் வாப்பாவை இழந்தார். 1911இல் பரவிய பிளேக் நோய் உம்மாவையும் பறித்துக்கொண்டது. அநாதையான அச்சிறுவர் இட்டாவா நகரின் இஸ்லாமியாப் பாடசாலையில் கற்று, பின்னர் அலிகார் கல்லூரியில் சேர்ந்தார்.

1920இல் மகாத்மா காந்தியும் அலி சகோதரர்களும், ஆங்கில அரசின் உதவி பெறும் கல்விக்கூடங்களை விட்டு வெளியேறுமாறு மாணவர்களை அழைத்தனர். வெளியேறியவர்களில் ஸாகிர் ஹுஸைனும் ஒருவர். அவ்வாண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி அலிகாரிலேயே ஜாமிஆ மில்லியா இஸ்லாமியா தோன்றியது. சில ஆண்டுகளின் பின் அது டில்லியின் கரோல் பாக் பகுதிக்கு இடம்பெயர்ந்தது.

அவர் ஜேர்மனியில் பொருளியலில் கலாநிதிப் பட்டத்துக்காகக் கற்றுக்கொண்டிருந்த வேளையில், பணமில்லாமல் ஜாமிஆவை மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. அதனை மூடவேண்டாம், எங்கள் வாழ்வை அதற்கே தருகிறோம் என்று அவரும் ஆபித் ஹுஸைன், முஹம்மத் முஜீப் ஆகிய இரு நண்பர்களும் அறிவித்தனர். 1926இல் நாடு திரும்பி உபவேந்தர் பொறுப்பை ஏற்றபோது ஸாகிர் ஹுஸைனுக்கு வயது 29.

அடுத்த ஆண்டின் இறுதியில், ஜாமிஆவின் செலவுகளைத் தாங்கி வந்த ஹகீம் அஜ்மல் கான் வபாத்தானார். அரச உதவி இல்லை. அரசு ஏற்கும் பட்டமும் இல்லை. ஆசிரியர்களின் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. அந்த நெருக்கடியில், மாதம் 150 ரூபாவுக்கு மேல் பெறாமல் 20 ஆண்டுகள் பணிபுரிவோம் என ஆசிரியர்கள் உறுதி பூண்டனர். முன்னின்றவர் உபவேந்தரே.

ஆனாலும் ஆசிரியர்களின் தியாகத்தால் மட்டும் ஒரு பல்கலைக்கழகம் நடக்காது. எனவே 'ஹம்தர்தானே ஜாமிஆ', அதாவது ஜாமிஆவின் அனுதாபிகள் என்ற அமைப்பு உருவானது. பெரிய தனவந்தர் ஒருவரை நம்பியிராமல், சாதாரண மக்கள் பலரிடம் சிறு சிறு தொகைகளைத் தவறாமல் சேர்ப்பதே அதன் வழி. இதை வெறும் நிதி சேகரிப்பு என்று நான் கருதவில்லை. தன் கையால் ஒரு ரூபா கொடுத்தவர் அது நமது ஜாமிஆ என்று உரிமையோடு சொல்வார். அந்த ரூபாவை வாங்கிய பல்கலைக்கழகமும் அவருக்குக் கடமைப்பட்டு விடுகிறது.

அந்தக் கடமையை ஜாமிஆ மறக்கவில்லை. 1938இல் ஷபீகுர் ரஹ்மான் கித்வாயின் பொறுப்பில் முதியோர் கல்விப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. எழுத வாசிக்கத் தெரியாத வளர்ந்தவர்களுக்காகக் கல்வி நிலையங்கள் திறக்கப்பட்டன. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கியவருக்கும் விளங்கும் எளிய நடையில் சிறு நூல்கள் வெளிவந்தன. பல்கலைக்கழகத்துக்கு ஒருபோதும் வரமுடியாதவர்களிடம் பல்கலைக்கழகமே சென்றது.

1935 மார்ச் 1ஆம் திகதி ஓக்லாவில் ஜாமிஆவின் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதை நாட்டியவர் தலைவரோ செல்வந்தரோ அல்லர். ஜாமிஆவில் அப்போது கற்ற மாணவர்களுள் மிகச் சிறிய பிள்ளையின் கைகளே அக்கல்லை வைத்தன. யாருக்காக அந்த இடம் எழுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா?

1946 நவம்பரில் ஜாமிஆவின் வெள்ளிவிழா நடந்தது. நாடெங்கும் வகுப்புக் கலவரம் மூண்டிருந்த நேரம் அது. ஒருவரோடொருவர் பேச விரும்பாத நேருவையும் ஜின்னாவையும் ஸாகிர் ஹுஸைன் ஒரே மேடைக்கு வரவழைத்தார். எரியும் நெருப்பை அணைக்குமாறு அவர்கள் முன்னிலையிலேயே உருக்கமாக வேண்டினார். நெருப்பு அணையவில்லை. அடுத்த ஆண்டு ஜலந்தர் புகையிரத நிலையத்தில் அவரே கொலைவெறிக் கும்பலிடம் சிக்கினார். ஒரு சீக்கிய இராணுவ அதிகாரியும் ஓர் இந்து புகையிரத அதிகாரியும் அவரைக் காப்பாற்றினர். அப்பயங்கர நாட்களில் ஜாமிஆவின் ஆசிரியர்களும் மாணவர்களும் ஒதுங்கி இருக்கவில்லை. டில்லியின் அகதி முகாம்களில் பணிபுரிந்தனர்.

1948இல் அலிகார் பல்கலைக்கழகத்தின் உபவேந்தரானார். பின்னர் பீகார் ஆளுநர், உப ஜனாதிபதி, 1967இல் ஜனாதிபதி எனப் பதவிகள் அவரைத் தேடி வந்தன. 1969 மே 3ஆம் திகதி வபாத்தானார். ஜனாஸா ஜாமிஆவின் மண்ணிலேயே நல்லடக்கம் செய்யப்பட்டது.

இன்று எங்கள் கல்லூரி மாணவிகள் பலர் பல்கலைக்கழகக் கனவோடு கற்கிறோம். எங்கள் இலவசக் கல்விக்கான செலவைச் சுமப்பது நாட்டு மக்களின் வரிப்பணம். மீன் விற்பவரும் நெல் விதைப்பவரும் தேயிலைக் கொழுந்து பறிப்பவரும் அதில் பங்காளிகள். எனவே பட்டம் பெற்ற பின்னரே சமூகத்துக்கு ஏதாவது செய்யலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு விடுமுறையில் பாடம் சொல்லிக்கொடுப்பதும், எழுத வாசிக்கத் தெரியாத மூதாட்டிக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் அக்கடனில் ஒரு பகுதியைத் தீர்ப்பதே ஆகும். பெற்றோரும் தம் பெண் பிள்ளைகளை இத்தகைய பணிகளுக்கு மனமுவந்து அனுப்ப வேண்டும்.

ஸாகிர் ஹுஸைன் அவர்களின் நற்பணிகளை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. நாம் கற்கும் கல்வியையும் பிறருக்குப் பயன் தரும் கல்வியாக ஆக்கி வைப்பானாக. ஆமீன்.