கொடுமுடிக் கோகிலம்

தென்னாட்டு நாடகப் பாடகி ஒருவரின் வரலாற்றை நம் மாணவர் அறிதல் எற்றுக்கு என வினவுவார் உளராயின், அவ்வம்மையாரின் வாழ்வைத் திருப்பிவிட்ட மேடை நம் இலங்கையிலேயே இருந்தது என்பதே முதல் விடையாகும். மற்றொரு விடையும் உண்டு. நயினை நாகபூசணி அம்மன் கோயில் திருவிழாவுக்காகக் குறிகட்டுவான் துறையில் படகு பார்த்து நின்ற எம்போன்றோர் பலர், கடற்காற்றின் இரைச்சலையும் கடந்து வந்த ஒரு குரலைச் சிறு வயதிலேயே கேட்டிருக்கின்றோம். அக்குரலுக்குரியவர் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள்.

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையை இளமையிலேயே இழந்தமையால், தாயார் பாலாம்பாள் பெரும் வறுமையிடையே மக்களை வளர்த்தார். பெயரின் முன்னுள்ள எழுத்துகளில் ஒன்று ஊரையும் மற்றொன்று அத்தாயையும் குறிப்பன. புகைவண்டியிற் பாடிப் பொருள் பெற்ற அச்சிறுமியின் குரல், வேலு நாயரின் நாடகக் கம்பெனிக்கு அவரைக் கொண்டு சேர்த்தது. நல்லதங்காள் நாடகத்திற் பசியால் அழும் பிள்ளையாக அவர் பாடியபோது அவையினர் உருகினர் என்பர். அப்பசியை அவர் பிறரிடம் கேட்டு நடிக்க வேண்டியிருக்கவில்லை.

அக்கால மேடையின் இயல்பை இன்றைய மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒலிபெருக்கி இல்லை. இரவு தொடங்கிய நாடகம் விடியும்வரை நடைபெறும். தகரக் கொட்டகையின் கடைசி வரிசையில் நிலத்தில் இருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். ஆதலின், நாடகத்தார் ஆர்மோனியத்தின் மேற்கட்டைகளில் உச்சக் குரலெடுத்துப் பாடினர். இப்பயிற்சி குரலைக் கெடுத்துவிடுவதே பெரும்பான்மை. சுந்தராம்பாளுக்கோ அது வெண்கலத்தைத் தட்டித் தட்டி வார்த்ததுபோல் ஆயிற்று. உச்சத்தில் நின்றும் ஓரெழுத்தையும் அவர் விழுங்கியதில்லை. எம் வகுப்பிற் செய்யுள் படிக்கும் பிள்ளைகளுக்கு லகர ளகர ழகர வேறுபாட்டை உணர்த்த இலக்கண நூலினும் இவருடைய இசைத்தட்டுகளே மிகுதியும் துணைபுரிந்துள்ளன.

1926ஆம் ஆண்டு கொழும்பில் நடைபெற்ற நாடகங்களில் இவருடன் இணைந்து நடிக்கச் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா வரவழைக்கப்பட்டார். 1906இற் பிறந்த கிட்டப்பா, கன்னையா கம்பெனியிற் பாடி முன்னரே பெரும் புகழ் எய்தியவர். வள்ளி திருமணத்தில் இருவரும் எதிரெதிர் நின்று பாடியபோது, ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் எடுத்து மேலேறுவார். பாட்டே போட்டியாயிற்று, போட்டியே காதலாயிற்று. 1927இல் மணம் புரிந்தனர். கிட்டப்பாவுக்கு முன்னரே மனைவியார் உண்டு என்பதை மறைத்துச் சொல்லுதல் முறையன்று. இல்வாழ்க்கை இனிது நிலைக்கவில்லை. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. குடிப்பழக்கம் கிட்டப்பாவை உருக்குலைத்தது. கணவர் பிரிந்திருந்த காலத்து இவர் எழுதிய கடிதங்கள் பிற்காலத்து வெளிவந்துள்ளன. அவற்றிற் காதலும் தன்மானமும் ஒருங்கே நிற்கக் காணலாம்.

1933ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களிற் கிட்டப்பா காலமானார். அகவை இருபத்தேழு. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. வெள்ளைக் கதராடையும் நெற்றி நிறைந்த திருநீறுமாக மாறிய அவர், இனி எந்த ஆடவருடனும் இணைந்து நடிப்பதில்லை என உறுதி பூண்டார். புகழின் உச்சியில் நின்ற ஓர் இளம் பெண், தனக்குச் சோறளித்த தொழிலின் பாதி வாயிலைத் தானே அடைத்துக்கொண்டார். இதனைக் கற்பின் சிறப்பு எனப் போற்றுவாரும், கைம்மை நோன்பின் கொடுமை எனக் கருதுவாரும் உளர். இரண்டாவது கருத்தை எளிதில் தள்ளிவிட எமக்கு மனமில்லை. ஆயினும் பிறர் விதித்த மூலையில் அவர் முடங்கவில்லை என்பதனையும் கூறல் வேண்டும்.

பட முதலாளி அசன்தாஸ் நந்தனார் கதையைப் படமாக்க அழைத்தபோது, மறுப்பதற்கு வழியாக ஓர் இலட்சம் ரூபா கேட்டாராம், முதலாளியோ இசைந்துவிட்டார்! 1935இல் வெளிவந்த அப்படத்தில் அம்மையார் ஆண் வேடம் பூண்டு நந்தனாராகவே நடித்தார். மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராக நடித்தார். ஆண்மகனாக நடிப்பவர்க்கு இணையாக ஆடவர் வேண்டியதில்லையன்றோ, நோன்பும் கெடவில்லை. படம் சிறக்கவில்லை, கல்கி ஆனந்த விகடனில் அதனைக் கடிந்து நகையாடினார். பாட்டுகளோ நிலைத்தன. கதராடை வெறும் கோலமாயிருக்கவில்லை. 1937ஆம் ஆண்டுத் தேர்தலிற் சத்தியமூர்த்தியுடன் ஊர் ஊராகச் சென்று காங்கிரசுக்காகப் பாடினார். 1951இற் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார். இந்தியத் திரைக் கலைஞருள் அத்தகைய அவையில் முதலிற் புகுந்தவர் இவரே என்பர்.

1953இல் ஜெமினியார் வெளியிட்ட ஔவையார் இவருக்கென்றே அமைந்த படம். அதியமானுக்காகத் தூது சென்ற சங்க கால ஔவையாரும், நம் பிள்ளைகள் ஆத்திசூடி வழியாக அறியும் பிற்கால ஔவையாரும் வேறு வேறானவர். படம் அவ்விருவரையும் ஒருவராக்கிவிட்டது. தேர்வுத்தாளில் இன்றும் இக்குழப்பத்தைத் திருத்தி வருகின்றோம். அம்மையார்மீது எமக்குள்ள குறை அஃதொன்றே. பின்னர்ப் பூம்புகாரிற் கவுந்தியடிகளாகவும், திருவிளையாடலில் மீண்டும் ஔவையாராகவும் தோன்றினார். துணைவன் என்னும் படத்திற் பாடியமைக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான இந்திய தேசிய விருது கிடைத்தபோது அகவை அறுபதைக் கடந்திருந்தார். 1970இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது.

1973இற் காரைக்கால் அம்மையார் வெளிவந்தது. கணவனைப் பிரிந்து, இளமை உருவையும் துறந்து, ஆலங்காட்டிற் பாடிக்கொண்டிருந்த அடியவரின் கதை அது. அதில் முதிய அம்மையாராக நடித்துப் பாடியவர் இவர். 1980இற் காலமாகும்வரை, நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு மேலாக, அவ்வெள்ளைக் கதரை அவர் மாற்றவில்லை.