நாற்காலியை உதறிய நல்லாசிரியர்

தொழிலாளத் தோழர்கள் பலருக்கு ஓர் எண்ணம் உண்டு. வேலை நீக்கம், பழிவாங்கல், மேலதிகாரியின் முகச்சுளிப்பு எல்லாம் ஆலைக்குள்ளே நடப்பவை. கல்லூரி மதிலுக்கு அப்பால் அறிவு ஒன்றே ஆட்சி புரிகிறது, அங்கே பேராசிரியருக்கு முதலாளி ஏது என்பார்கள். அந்த எண்ணம் எவ்வளவு பிழை என்பதை அறிய வேண்டுமானால், அமெரிக்க நாட்டுப் பேராசிரியர் ஜான் டூயியின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். கல்வி உலகம் போற்றிய பேரறிஞர் அவர். அவருக்கே என்ன நேர்ந்தது?

டூயி 1859-இல் வெர்மான்ட் மாநிலத்துப் பர்லிங்டன் நகரிலே பிறந்தார். தந்தையார் மளிகைக் கடை வைத்திருந்தவர். படிப்பை முடித்த இளைஞர், எண்ணெய்க் கிணறுகள் சூழ்ந்த ஆயில் சிட்டி என்ற ஊரில் இரண்டாண்டு பள்ளி வாத்தியாராக இருந்தார். பின்னர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தில் 1884-இல் டாக்டர் பட்டம். அதன்பின் மிச்சிகனில் ஏறத்தாழப் பத்தாண்டு ஆசிரியப் பணி. அங்கே மாணவியாக இருந்த ஆலிஸ் சிப்மன் அம்மையாரை 1886-இல் மணந்தார். இந்த அம்மையாரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் திருப்பமே அவரால்தான்.

1894-இல் சிகாகோ பல்கலைக் கழகம் டூயியை அழைத்தது. எண்ணெய் மன்னர் ராக்பெல்லரின் பணத்தால் எழுந்த கழகம் அது. கதவு திறந்து இரண்டே ஆண்டுதான் ஆகியிருந்தது. தலைவர் ஹார்ப்பர், தத்துவம், உளவியல், கல்வியியல் மூன்றுக்கும் சேர்த்து ஒரே நாற்காலியை டூயிக்குத் தந்தார். அவர் அந்த நகருக்கு வந்து இறங்கிய ஜூலை மாதம் எப்படிப்பட்ட மாதம் தெரியுமா? புல்மன் வேலை நிறுத்தம் உச்சத்தில் இருந்த மாதம்! ரயில் பெட்டி செய்யும் புல்மன் கம்பெனி தொழிலாளியின் கூலியை வெட்டியது. ஆனால் கம்பெனி வீடுகளின் வாடகையை ஒரு காசு குறைக்கவில்லை. யூஜின் டெப்ஸ் தலைமையிலே ரயில்வே தொழிலாளர்கள் திரண்டார்கள். அரசு பட்டாளத்தை அனுப்பியது. டெப்ஸ் சிறைக்கு அனுப்பப்பட்டார். புதிதாக வந்த பேராசிரியர் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்களிலே, வேலை நிறுத்தக்காரர் பக்கமே தம் நெஞ்சம் இருப்பதைக் காட்டினார்.

கடிதத்திலேதான் காட்டினார் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அதே பல்கலைக் கழகத்தில் எட்வர்ட் பெம்மிஸ் என்ற பொருளாதார ஆசிரியர், ஒரு தேவாலயக் கூட்டத்தில் ரயில்வே முதலாளிகளைக் கண்டித்துப் பேசினார். தலைவருக்கு முகம் கறுத்தது. மறு ஆண்டு, 1895-இல், பெம்மிஸ் வெளியே போகவேண்டி வந்தது. டூயி அப்போது கொடி பிடித்துக் கிளம்பவில்லை. 1902-இல்கூட, கல்லூரி ஆசிரியரின் உரிமைக்குப் பேராபத்து ஏதுமில்லை என்ற பாணியிலே ஒரு கட்டுரை எழுதினார். அடுத்தவன் வேலை போகும்போது அது நமக்கு வராது என்று நினைப்பது, பேராசிரியருக்கும் உள்ள பலவீனம் போலும்!

ஆனால் வகுப்பறைக்குள்ளே அவர் செய்தது புரட்சி. 1896 ஜனவரியில் 16 குழந்தைகளையும் இரண்டு ஆசிரியர்களையும் கொண்டு ஒரு சோதனைப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே மனப்பாடமில்லை, பிரம்பில்லை. பிள்ளைகள் சமைத்தார்கள், மரவேலை செய்தார்கள், பஞ்சையும் கம்பளியையும் கையிலெடுத்து நூற்றுப் பார்த்தார்கள். பஞ்சிலிருந்து விதையைப் பிரித்தெடுப்பது எத்தனை சங்கடம் என்று விரலால் அறிந்த பிள்ளைக்கு, இயந்திரம் ஏன் வந்தது, ஆலை ஏன் வந்தது, மக்கள் வாழ்க்கை ஏன் மாறிற்று என்பதெல்லாம் தானே விளங்கியது. உழைப்பு என்பது படிக்காதவனுக்கு விதித்த தண்டனையல்ல, அறிவின் ஊற்று அது என்று காட்டிய பள்ளி அது. கையால் வேலை செய்பவன் கீழ், வாயால் ஓதுபவன் மேல் என்ற ஏற்பாட்டிலே வளர்ந்த நம் நாட்டுக்கு, இது எத்தகைய சம்மட்டி அடி! 1902-க்குள் பள்ளியில் 140 பிள்ளைகள், 23 ஆசிரியர்கள்.

இதனிடையே, கர்னல் பார்க்கர் என்ற புகழ்பெற்ற கல்வியாளர் நடத்திவந்த ஆசிரியர் பயிற்சிக் கழகம், 1901-இல் பல்கலைக் கழகத்தோடு இணைந்து கல்வியியல் கல்லூரியாயிற்று. செல்வச் சீமாட்டி ஒருவரின் கொடையும் கூடவே வந்தது. மறு ஆண்டு பார்க்கர் இறந்தார். டூயி கல்லூரியின் இயக்குநரானார். இருவரின் பள்ளிகளும் 1903-இல் ஒன்றாக்கப்பட்டன. ஒன்றான பள்ளிக்குத் தலைமையாசிரியை யார்? ஆலிஸ் டூயி அம்மையார்!

புகைச்சல் கிளம்பிற்று. பார்க்கரிடம் பணியாற்றிய ஆசிரியைகளுக்கு அச்சம். நம்மை ஒவ்வொருவராக வெளியேற்றிவிடுவாரோ என்ற கலக்கம். கணவர் இயக்குநர், மனைவி தலைமையாசிரியை என்பதும் பலர் கண்ணை உறுத்திற்று. இந்த எதிர்ப்பு முழுவதும் தவறு என்று நாம் வாதாட வரவில்லை. ஒரே குடும்பத்தின் கையிலே பதவிகள் குவிவதைக் கேள்வி கேட்பது யாருக்கும் உரிமைதான். ஆனால் ஹார்ப்பர் செய்தது என்ன? எதிர்த்தவர்களிடம், அம்மையாரின் பதவி ஓராண்டுக்கு மட்டும் என்று சொல்லி அமைதிப்படுத்தினார். அம்மையாரிடமோ, டூயியிடமோ அதைத் தெளிவாகச் சொல்லவில்லை! ஆண்டு முடியும் நேரத்திலேதான் அவர்களுக்கு உண்மை தெரிந்தது. நேருக்கு நேர் நின்று மறுத்திருந்தால் அது கருத்து வேறுபாடு. இதற்குப் பெயர் வேறு.

1904 ஏப்ரலில் அம்மையார் விலகினார். தொடர்ந்து டூயியும், இயக்குநர் பதவியையும் தத்துவப் பேராசிரியர் நாற்காலியையும் சேர்த்து உதறினார். அப்போது அவருக்கு வேறு வேலை கையில் இல்லை. வீட்டிலோ ஐந்து பிள்ளைகள். அவர்களோடு, அதே கல்லூரியில் பேராசிரியையாக இருந்த எல்லா ஃபிளாக் யங் அம்மையாரும் வெளியேறினார். அவரை இழந்தது யாருக்கு நட்டம் என்பதைக் காலம் சொல்லிற்று: 1909-இல் அவர் சிகாகோ நகரப் பள்ளிகள் அனைத்துக்கும் தலைமைக் கண்காணிப்பாளரானார். அமெரிக்கப் பெருநகர் ஒன்றில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவரே.

நண்பர் கேட்டல் கைகொடுத்தார். நியூயார்க் கொலம்பியா பல்கலைக் கழகம் டூயியை ஏற்றது. தத்துவத் துறையிலே நாற்காலி; அதனோடு இணைந்த ஆசிரியர் கல்லூரியிலும் பாடம். புதிய பதவியை ஏற்குமுன் குடும்பத்தோடு ஐரோப்பா சென்றார். அந்தப் பயணத்திலே எட்டு வயது மகன் கோர்டன் டைபாய்டு காய்ச்சலில் அயர்லாந்தில் மடிந்தான். துயரத்தோடு இத்தாலி சென்ற பெற்றோர், அங்கே சபீனோ என்ற சிறுவனைத் தத்தெடுத்துக்கொண்டு திரும்பினர்.

சிகாகோவிலே பட்ட சூடு வீண் போகவில்லை. ஆபத்தில்லை என்று 1902-இல் எழுதியவர், 1915-இல் அமெரிக்கப் பல்கலைக் கழகப் பேராசிரியர் சங்கத்தின் முதல் தலைவரானார். மறு ஆண்டு நியூயார்க் ஆசிரியர் தொழிற்சங்கம் உருவானபோது அதன் தொடக்க உறுப்பினரானார். உலகப் புகழ் பெற்ற தத்துவப் பேராசிரியர், பள்ளி வாத்தியார்களோடு வாத்தியாராக, தொழிற்சங்கச் சீட்டை வாங்கிக்கொண்டார். கழுத்துப்பட்டை கட்டியவர்களுக்குச் சங்கம் எதற்கு என்று கேட்கும் கனவான்கள் கவனிக்கவேண்டிய செய்தி இது.

1917-இல் சோதனை வந்தது. அமெரிக்கா போரில் இறங்கியிருந்த நேரம். டூயி போரை ஆதரித்தார். அது அவர் செய்த பெரும் பிழை என்பது நம் எண்ணம். அந்தப் போர்க் காய்ச்சலிலே கொலம்பியாவின் அறங்காவலர்கள் அக்டோபர் முதல் நாள் இருவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒருவர் டானா, மற்றவர் டூயிக்கு வேலை வாங்கித் தந்த அதே கேட்டல்! ஒரு வாரத்திலே, போரை ஆதரித்தவரான வரலாற்றுப் பேராசிரியர் சார்லஸ் பியர்ட், அநீதியைக் கண்டித்துத் தம் பதவியை ராஜிநாமா செய்தார். டூயி, தாம் இருந்த ஆசிரியர் குழுவிலிருந்து விலகித் தம் எதிர்ப்பைக் காட்டினார். ஆனால் நாற்காலியை விடவில்லை. 1904-இல் மனைவிக்காக எழுந்தவர் 1917-இல் நண்பனுக்காக ஏன் எழவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதே ஆண்டு நியூயார்க் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் மூன்று ஆசிரியர்கள் வேலை நீக்கம் செய்யப்பட்டபோது, அவர்களுக்காக வெளிப்படையாகப் போராடியவர்களில் அவரும் ஒருவர் என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும்.

விருதுகள் வந்தன. 1919-இல் ஜப்பான் சென்றபோது, அந்நாட்டு அரசு தரவந்த உதயசூரியன் விருதை அவர் ஏற்கவில்லை. மன்னராட்சியின் பதக்கம் மக்களாட்சி பேசுபவனுக்குப் பொருந்தாது என்பது அவர் கருத்து. அடுத்து சீனாவில் இரண்டாண்டு தங்கினார். மாணவர் கிளர்ச்சி பொங்கி எழுந்த பீகிங்கில், பல்கலைக் கழகம் 1920-இல் தந்த டாக்டர் பட்டத்தை மகிழ்ந்து ஏற்றார்.

1930-இல் ஓய்வு பெற்றார், ஓய்ந்தாரில்லை. 1940-இல் நியூயார்க் நகரக் கல்லூரி, பகுத்தறிவு அறிஞர் பெர்ட்ரண்டு ரசலைப் பேராசிரியராக நியமித்தது. மதவாதிகள் கொதித்தனர், நீதிமன்றம் ஏறினர், நீதிபதி நியமனத்தை ரத்து செய்தார். எண்பது வயதுக் கிழவர் டூயி ரசலுக்காக எழுதினார், வழக்கைப் பற்றி ஒரு நூலையே 1941-இல் தொகுத்து வெளியிட உதவினார், பார்ன்ஸ் நிறுவனத்தில் ரசலுக்கு வேறு வேலை கிடைக்கவும் துணை நின்றார்.

இவ்வளவையும் நாம் எழுதக் காரணம் இன்னொன்று உண்டு. 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று, கொலம்பியா வந்து சேர்ந்தார் இந்திய இளைஞர் ஒருவர். தம் நாட்டில் பள்ளிக்கூடத்திலே தண்ணீர்ப் பானையைத் தொடவும் அனுமதிக்கப்படாதவர். அங்கே டூயியின் வகுப்பிலே மற்றவர்களோடு சமமாக உட்கார்ந்து பாடம் கேட்டார். அவர்தான் அண்ணல் அம்பேத்கர். 1936-இல் லாகூர் மாநாட்டுக்கென அவர் எழுதிய தலைமையுரை, மாநாட்டினர் அஞ்சிப் பின்வாங்கியதால் பேசப்படாமலே போனது. ஆனால் அது நூலாக வந்தது. ஜாதி ஒழிப்பைக் கூறும் அந்த நூலிலே தம் ஆசிரியர் டூயியை நன்றியோடு குறிப்பிடுகிறார். அதனைத் தமிழாக்கிக் குடி அரசு இதழில் வெளியிட்டார் தந்தை பெரியார். ஆக, சிகாகோவில் நாற்காலியை உதறிய ஆசிரியரின் சொல், சுற்றிச் சுற்றி ஈரோட்டுக்கும் வந்து சேர்ந்தது!

1952 ஜூனில் கொலம்பியா, தன் பழைய மாணவர் அம்பேத்கருக்குச் சட்டத்தில் கௌரவ டாக்டர் பட்டம் வழங்க அழைத்தது. ஆசிரியரைக் கண்டு பேசலாம் என்ற ஆவலோடு அவர் நியூயார்க் புறப்பட்டார். ஜூன் முதல் நாள், 92 வயதில், டூயி மறைந்தார். தம் அறிவு வாழ்வே அவருக்குக் கடன்பட்டது என்று மனைவிக்குத் துயரத்தோடு எழுதினார் அண்ணல். ஜூன் 5-ஆம் நாள், ஆசிரியர் இல்லாத அந்தப் பல்கலைக் கழகத்திலே, மாணவர் பட்டத்தைப் பெற்றுக்கொண்டார்.