டார்வினின் வயிறும் எம்மாவின் சமையல் நோட்டும்: ஒரு தம்பதி 43 ஆண்டுகள் காத்த பத்தியம்!

இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில் டவுன் ஹவுஸ் என்று ஒரு வீடு இருக்கிறது. சார்லஸ் டார்வின் 40 ஆண்டுகள் வாழ்ந்த வீடு. உயிரினங்கள் எப்படித் தோன்றின என்பதைப் பற்றி உலகத்தின் பார்வையையே மாற்றிய புத்தகத்தை அவர் எழுதியது இங்கேதான். அவருடைய படிப்பறையில் மேசை, நாற்காலி, அலமாரி எல்லாம் உண்டு. கூடவே, அறையின் ஒரு மூலையில் தடுப்புக்குப் பின்னால் ஒரு பேசினும் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போதே வாந்தி வந்தால் ஓடுவதற்கு!

ஆமாம். பரிணாமக் கொள்கையின் தந்தைக்கு வயிறு சரியில்லை. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, ஏறக்குறைய வாழ்நாள் முழுக்க. 20-க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் பார்த்தார்கள். இன்னது நோய் என்று ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்படியும் அவர் 73 வயது வரை வாழ்ந்து, இத்தனை புத்தகங்கள் எழுதியது எப்படி? பதிலில் பாதி, அவருடைய மனைவி எம்மாவிடம் இருக்கிறது.

ஆந்தையையும் விட்டுவைக்காத வயிறு!

டார்வின் பிறந்தது 1809-ல். கேம்பிரிட்ஜில் படித்த காலத்தில், விநோதமான மாமிசங்களைச் சமைத்துச் சாப்பிடுவதற்கென்றே நண்பர்கள் நடத்திய ஒரு குழுவில் அவர் இருந்தார். பருந்து, கொக்கு வகைப் பறவை என்று போய், கடைசியில் ஒரு கிழட்டு ஆந்தையைச் சாப்பிட்டதோடு குழு மூடுவிழா கண்டது. பிறகு 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றினார். கடல் ஒத்துக்கொள்ளாமல் உலர் திராட்சையை மென்றுகொண்டு படுத்துக்கிடந்த நாட்கள் பல. ஆனால் கரை இறங்கிவிட்டால் அர்மடில்லோ, ராட்சத ஆமை எனக் கிடைத்ததையெல்லாம் ருசி பார்த்தார்.

எதையும் செரித்த அந்த வயிறு, ஊர் திரும்பிய ஓரிரு ஆண்டுகளில் மக்கர் செய்ய ஆரம்பித்தது. சாப்பிட்டுச் சில மணி நேரத்தில் வயிறு உப்பும், வாயு பிடுங்கும், வாந்தி வரும். தலைவலி, படபடப்பு, உடல் சோர்வு, தோலில் கொப்புளங்கள் எல்லாம் கூடவே வரும்.

மாமா பொண்ணு எம்மா

1838-ல் டார்வின் ஒரு காகிதத்தில், கல்யாணம் செய்துகொண்டால் என்ன லாபம், செய்யாவிட்டால் என்ன லாபம் என்று இரண்டு பட்டியல் போட்டார். கல்யாணப் பக்கம் ஜெயித்தது. பெண்? தாய்மாமன் மகள் எம்மா வெட்ஜ்வுட். புகழ்பெற்ற பீங்கான் பாத்திர நிறுவனக் குடும்பம், பியானோவில் கெட்டிக்காரி, டார்வினைவிடச் சில மாதங்கள் மூத்தவர். 1839 ஜனவரி 29 அன்று திருமணம் நடந்தது.

திருமணமான புதிதில் எம்மா ஒரு சின்ன நோட்டில் சமையல் குறிப்புகள் எழுதத் தொடங்கினார். அந்த நோட்டு இன்றும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. அதில் நாம் கொஞ்சம் சிரிக்கக்கூடிய ஒரு பக்கமும் உண்டு. சோறு வடிப்பது எப்படி என்ற குறிப்பு! அதுவும் டார்வினின் கையெழுத்தில். உப்புப் போட்ட தண்ணீர் கொதித்ததும் அரிசியைப் போட வேண்டும், கடிகாரம் பார்த்துச் சரியாக 12 நிமிடம் வேகவிட வேண்டும், பிறகு தண்ணீரை வடித்துவிட்டுத் தணலில் 10 நிமிடம் வைக்க வேண்டும். நம்ம வீட்டு வடிச்ச சோறேதான். ஒரே வித்தியாசம், நம்ம அம்மாக்கள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

எல்லாவற்றையும் அளந்து, குறித்து, ஒப்பிட்டுப் பார்க்கிற பழக்கம் டார்வினுக்கு. அதே பழக்கத்தை அவர் தன் உடம்பிடமும் காட்டினார்.

தண்ணீர் வைத்தியம்: வந்த நம்பிக்கை, போன மகள்

1848 நவம்பரில் டார்வினின் அப்பா இறந்தார். இறுதிச் சடங்குக்குச் சரியான நேரத்துக்குப் போகக்கூட டார்வினின் உடல்நிலை இடம் கொடுக்கவில்லை. சாவு தனக்கும் பக்கத்தில் வந்துவிட்டதாக நினைத்தார்.

1849 மார்ச்சில் எம்மாவும் அவரும் ஒரு பெரிய முடிவெடுத்தார்கள். குழந்தைகள், வேலைக்காரர்கள் என மொத்தக் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு மால்வெர்ன் என்ற ஊருக்கு இடம் மாறினார்கள். அங்கே டாக்டர் ஜேம்ஸ் கல்லி என்பவரின் தண்ணீர் வைத்தியம் பிரபலம். காலையில் விளக்குச் சூட்டில் வியர்க்க வைப்பார்கள், உடனே பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியால் தேய்ப்பார்கள், பிறகு நடக்கச் சொல்வார்கள். சாப்பாட்டில் சர்க்கரை, வெண்ணெய், மசாலா, பன்றிக்கறி எல்லாம் கட்.

சில மாதங்களில் வாந்தி குறைந்தது. வீடு திரும்பியதும் தோட்டத்தில் குளிர்நீர்க் குளியலுக்கென்று ஒரு சின்னக் குடிலே கட்டிக்கொண்டார். 1849 முதல் 1855 வரை தினமும் உடல்நிலையை எழுதிவைத்தார். பகல் எப்படி, இரவு எப்படி, வாந்தி உண்டா, வாயு உண்டா என்று எல்லாம் அதில் இருக்கும். நன்றாக இருந்த நாட்களுக்கு இரட்டைக் கோடு போடுவார். இன்று செரிமானக் கோளாறு இருப்பவர்களிடம் மருத்துவர்கள் எழுதச் சொல்கிற உணவு மற்றும் அறிகுறி டைரிக்கு இது மிகவும் நெருக்கமானது.

ஆனால் மால்வெர்ன் அவர்களுக்கு நல்ல நினைவாக நீடிக்கவில்லை. 1851-ல் 10 வயது மகள் ஆனிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அப்பாவுக்குக் கேட்ட வைத்தியம் மகளுக்கும் கேட்கும் என்று நம்பி, அதே மால்வெர்னுக்குக் கூட்டிப்போனார்கள். எம்மா அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. பயணம் செய்ய முடியாமல் வீட்டிலேயே இருந்தார். ஏப்ரல் 23 அன்று ஆனி இறந்தாள். செய்தி எம்மாவுக்குக் கடிதத்தில் வந்தது. மூன்று வாரத்தில் அடுத்த குழந்தை பிறந்தது.

எம்மாவின் கதையைச் சொல்லும்போது இதை மறக்கக் கூடாது. அவர் 10 குழந்தைகளைப் பெற்றார், மூன்று பேரைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தார். கணவரை அவர் பார்த்துக்கொண்டதெல்லாம் இவற்றுக்கு நடுவில்தான்.

எம்மா என்னதான் செய்தார்?

எம்மா நோயைக் குணப்படுத்தவில்லை. நோயோடு ஒரு நாளை எப்படி ஓட்டுவது என்பதற்கு ஒரு ஒழுங்கைக் கொண்டுவந்தார்.

நேரம்: அதிகாலை நடை, எட்டு மணிக்கு முன் காலை உணவு, பிறகு ஒன்றரை மணி நேரம் வேலை. அதன்பின் எம்மா கடிதங்களை வாசித்துக் காட்டுவார். மறுபடி வேலை, நண்பகலில் தோட்டத்துப் பாதையில் நடை, ஒரு மணிக்கு முன் மதிய உணவு. பிற்பகலில் டார்வின் படுத்திருக்க, எம்மா நாவல் வாசிப்பார். மாலையில் இன்னும் ஒரு மணி நேர வேலை. இவ்வளவுதான். வேலை நேரத்தைக் கூட்டினால் மொத்தமே நாலைந்து மணி நேரம் வரும்!

சாப்பாடு: பகலில்தான் முக்கியமான உணவு. இரவில் வீட்டார் முழுச் சாப்பாடு சாப்பிட, பிற்காலத்தில் அவருக்கு டீயும் ஒரு முட்டையோ சின்ன இறைச்சித் துண்டோ மட்டும்தான்.

விருந்தாளிகள்: அரை மணி நேரம் உற்சாகமாகப் பேசினாலே அன்றிரவு டார்வினுக்குத் தூக்கம் போய்விடும், வயிறு புரட்டும். அதனால் யார் வரலாம், எவ்வளவு நேரம் பேசலாம் என்பதில் எம்மா கறாராக இருந்தார். வேலையில் மூழ்கி உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார் என்று தோன்றினால், வலுக்கட்டாயமாக வெளியூருக்கு அழைத்துப் போவார்.

ராத்திரி: தினமும் இரண்டு ஆட்டம் பேக்கேமன். நம்ம தாயம் மாதிரி, பகடை உருட்டிக் காய் நகர்த்தும் விளையாட்டு. ஜெயித்தது, தோற்றது எல்லாவற்றுக்கும் டார்வின் கணக்கு வைத்திருந்தார். 1876-ல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேவுக்கு எழுதிய கடிதத்தில், எம்மா 2,490 ஆட்டங்களிலும் தான் 2,795 ஆட்டங்களிலும் ஜெயித்திருப்பதாகப் பெருமையடித்துக்கொண்டார். அடுத்து எம்மாவின் பியானோ, பிறகு தூக்கம்.

பத்தியத்தில் ஓட்டையே இல்லையா என்றால், இருந்தது! டார்வினுக்கு இனிப்பு என்றால் உயிர். மருத்துவர்கள் வேண்டாம் என்பார்கள். அவரும் இனிமேல் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்வார். ஆனால் வாய்விட்டுச் சொல்லாமல் மனதுக்குள் செய்த சத்தியம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று ஒரு விதிவிலக்கும் வைத்திருந்தார். மூக்குப்பொடியும் அதே கதைதான். எழுந்து நடந்து போய் எடுக்க வேண்டியிருந்தால் குறையும் என்று, பொடி ஜாடியைக் கூடத்தில் வைத்துக்கொண்டார்.

எம்மா ஊரில் இல்லாத நாட்களில் டார்வினுக்குக் கை உடைந்த மாதிரி ஆகிவிடும். கடிதங்களில், பிள்ளைகள் அழைப்பது போலவே அம்மா என்று மனைவியை விளித்து எழுதியிருக்கிறார். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் எம்மா எவ்வளவு சுமந்தார் என்பதும் அந்த ஒரு வார்த்தையிலேயே தெரிகிறது.

நோய்க்குப் பெயர் என்ன?

1863, 1864-ம் ஆண்டுகள்தான் மிக மோசம். மாதக்கணக்கில் வாந்தி. 1865-ல் ஒரு மருத்துவர் முதுகெலும்பின் மேல் ஐஸ் பைகளை வைக்கச் சொன்னார். பலன் இல்லை. அதன்பின் பார்த்த டாக்டர் பென்ஸ் ஜோன்ஸ் சாப்பாட்டின் அளவை வெகுவாகக் குறைத்துவிட்டுத் தினமும் குதிரைச் சவாரி போகச் சொன்னார். டார்வின் 15 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 7 கிலோ இளைத்தார். ஆனால் வாந்தி பெருமளவு குறைந்தது. 1866-ல் லண்டனில் விஞ்ஞானிகள் கூடிய ஒரு நிகழ்ச்சிக்கு வந்தபோது, நோய்க் காலத்தில் வளர்ந்திருந்த தாடியால் பழைய நண்பர்களுக்கே அவரை அடையாளம் தெரியவில்லை. நான்தான் டார்வின் என்று அவரே சொல்ல வேண்டியிருந்தது.

அவர் இறந்த பிறகும் நோய்க்குப் பெயர் தேடும் வேலை நிற்கவில்லை. தென் அமெரிக்காவில் ஒரு பூச்சி கடித்ததை டார்வினே குறித்திருந்ததால், அதன் மூலம் பரவும் சாகஸ் நோயாக இருக்கலாம் என்று 1959-ல் ஒரு கருத்து வந்தது. மனப்பதற்றம், குடல் அழற்சியான கிரோன் நோய், விட்டு விட்டு வரும் வாந்தி நோய் என்றும் பலர் எழுதினார்கள்.

2005-ல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் சொன்னதுதான் நம்மை யோசிக்க வைப்பது. டார்வினுக்கு லாக்டோஸ் ஒவ்வாமை இருந்திருக்கலாம் என்றார்கள். பாலில் இருக்கும் சர்க்கரைதான் லாக்டோஸ். அதை உடைக்கச் சிறுகுடலில் லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். குழந்தைப் பருவம் தாண்டியதும் பலருக்கு இது குறைந்துவிடும். அப்போது செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாவால் நொதித்து வாயுவாகும். வயிறு உப்பும், வலிக்கும், குமட்டும். சாப்பிட்ட சில மணி நேரம் கழித்து டார்வினுக்குத் தொல்லை தொடங்கியது இதோடு பொருந்துகிறது என்பது அவர்கள் வாதம்.

இது உண்மை என்றால் ஒரு கொடுமை இருக்கிறது. எம்மாவின் சமையல் நோட்டில் பாலும் கிரீமும் சேர்த்த புட்டிங் வகைகள் நிறைய. கணவருக்குப் பிடிக்குமே என்று ஆசையாகச் செய்யவைத்ததே அவரைப் படுக்கவைத்திருக்கலாம்! எம்மாவைக் குறை சொல்ல முடியாது. லாக்டோஸ் ஒவ்வாமை என்ற ஒன்றை அன்றைய மருத்துவம் அறியவே இல்லை. பால் என்றால் சத்து, அவ்வளவுதான் தெரியும். தண்ணீர் வைத்தியமோ, பென்ஸ் ஜோன்ஸின் அரைப் பட்டினியோ பலன் தந்ததற்குக் காரணம்கூட, வெண்ணெயும் கிரீமும் தற்செயலாக நின்றதாக இருக்கலாம்.

இதில் நமக்கு என்ன?

மருந்து பாதி, பத்தியம் பாதி என்பார்கள். அந்தப் பத்தியத்தைத் தனி ஆளாகக் காப்பது கஷ்டம் என்பதைத்தான் டவுன் ஹவுஸ் காட்டுகிறது. அன்பு மட்டும் இருந்தால் போதாது என்பதையும் அதே வீடுதான் காட்டுகிறது. எது ஒத்துக்கொள்ளவில்லை என்ற தகவல் வேண்டும். அவர்களிடம் டைரி இருந்தது, அதைப் படித்துப் பொருள் சொல்லும் அறிவியல்தான் இல்லை. இன்று நமக்கு அது இருக்கிறது. லாக்டோஸ் ஒவ்வாமையை மூச்சுப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். எனவே வாரக்கணக்கில் வயிறு தொல்லை கொடுத்தால், கேஸ்தானே என்று மாத்திரை போட்டுத் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது என்ன சாப்பிட்டோம், எப்போது தொல்லை வந்தது என்று எழுதி எடுத்துப் போங்கள். வீட்டில் சமைக்கிறவரையும் கூட அழைத்துப் போனால் இன்னும் நல்லது.

கடைசிப் பத்தாண்டுகளில் டார்வினின் வயிறு ஓரளவு அடங்கியிருந்தது. 1882 ஏப்ரல் 19 அன்று அவர் உயிரைப் பறித்தது இதய நோய்தான். எம்மா அருகில் இருந்தார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பெரிய மரியாதையோடு நடந்த அடக்கத்துக்கு அவர் போகவில்லை, வீட்டிலேயே இருந்துவிட்டார். 14 ஆண்டுகள் கழித்து இறந்த எம்மாவின் கல்லறை, அவர்கள் வாழ்ந்த அந்தக் கிராமத்துத் தேவாலயத் தோட்டத்தில் இருக்கிறது.