ரஹீம் ஸாஹிப்

கால்பந்துப் பந்தயத்தில் கோல் போட்டவர் பெயர் மறுநாள் ஊரெங்கும் அடிபடும். அவருக்கு ஆட்டம் கற்பித்தவரைப் பற்றிய பிரஸ்தாபமே இராது. இந்த அசிரத்தைக்கு ஆளானவர்களில் ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம் முதன்மையானவர் என்பது நமது அபிப்பிராயம்.

1909-ம் வருஷம் பிறந்த ரஹீம், தொழிலால் பள்ளிக்கூட உபாத்தியாயர். ஹைதராபாத் நகரப் போலீஸ் கோஷ்டி அவரிடம் பயின்று, 1950 முதல் 1954 வரை ஐந்து வருஷங்களும் இடைவிடாமல் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. மைதானத்திலும் அவர் உபாத்தியாயராகவே இருந்தார். சிறுவர்களுக்கு விசித்திரமான பந்தயங்கள் வைப்பார். ஒன்றில், பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. உடனே தோழனுக்குத் தள்ளிவிட வேண்டும். மற்றொன்றில், பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும். பாராட்டுக்கு ஆசைப்பட்டுத் தனியாக ஆடும் வழக்கத்தை முளையிலேயே கிள்ளிய உபாயம் இது.

1951-ல் டில்லியில் அவரது கோஷ்டி ஆசியப் பந்தயத்தில் தங்கம் வென்றது. மறுவருஷமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா பத்து கோல் போட்டது. நாம் போட்டது ஒன்று. நம்மவரில் பலர் அன்று வெறுங்காலுடன் ஆடினர். தோல்விக்குச் சாக்குத் தேடுவது சுலபம். ரஹீம் பாடம் தேடினார். 1956-ல் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வீழ்த்தி, ஒலிம்பிக் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய தேசம் என்ற கீர்த்தியை இந்தியா அடைந்தது.

1962-ல் ஜகார்த்தாவுக்குச் சென்றபோது புற்றுநோய் அவரது நுரையீரலை அரித்துக்கொண்டிருந்தது. இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்காததை இந்திய விளையாட்டு அதிகாரி ஒருவர் கண்டித்ததால், அவ்வூர் ஜனங்கள் கொதித்திருந்தனர். அதிகாரி பேசினார்; ஏச்சு வாங்கியவர்களோ ஆட்டக்காரர்கள்! முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் தோல்வி. தற்காப்பில் ஆடும் ஜர்னெயில் சிங்குக்குத் தலையில் காயம். தையல் போட்ட தலையுடன் இருந்த அவரை ரஹீம் துணிந்து முன்வரிசைக்கு மாற்றினார். இறுதி ஆட்டத்தில் எதிர்நின்றதும் அதே தென் கொரியாதான். நம் கோலைக் காத்தவர் மதராஸ் ரெஜிமெண்டில் ஆடிப் பழகிய பீட்டர் தங்கராஜ். பி. கே. பானர்ஜி ஒரு கோலும் ஜர்னெயில் சிங் ஒரு கோலும் போட, 2-1 என்று இந்தியா ஜயித்தது.

1963-ம் வருஷம் ஜூன் மாதம் ரஹீம் காலமானார். வயது ஐம்பத்து மூன்று. ஆசியக் கால்பந்துத் தங்கம் அதன்பின் இன்றுவரை நம் தேசத்துக்குத் திரும்பவில்லை.