ருடோல்ஃப் டீசல்

ருடோல்ஃப் டீசல் (மார்ச் 18, 1858 - செப்டம்பர் 29, 1913) டீசல் எந்திரத்தைக் கண்டுபிடித்த ஜெர்மானியப் பொறியியலாளர் ஆவார்.

வாழ்க்கை

பவேரியப் பெற்றோருக்குப் பாரிசில் பிறந்தார். 1870 இல் பிரெஞ்சு-புருசியப் போர் மூண்டதால் குடும்பம் இலண்டனுக்குக் குடிபெயர, இவர் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்த உறவினரிடம் அனுப்பப்பட்டார். பின்னர் மியூனிக்கில் கார்ல் வொன் லிண்டேயிடம் வெப்பவியக்கவியல் பயின்றார். நீராவி எந்திரம் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதியை வீணாக்குவதை அறிந்து, அதற்கு மாற்றுக் காண முற்பட்டார்.

எந்திரம்

பெட்ரோல் எந்திரத்தில் எரிபொருளும் காற்றும் சேர்ந்த கலவையை மின்பொறி பற்றவைக்கிறது. டீசல் எந்திரத்திலோ காற்று மட்டும் மிகுதியாக அமுக்கப்படுகிறது. அவ்வெப்பத்தில், உட்செலுத்தப்படும் எரிபொருள் தானே பற்றிக்கொள்கிறது. அமுக்க விகிதம் கூடுதலாதலால் எரிபொருள் சிக்கனமாகிறது. எனினும், உயர் அழுத்தத்தைத் தாங்க எந்திரம் கனமாக அமைய வேண்டியிருந்தது. ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் நான்கு ஆண்டுகள் நடந்த சோதனைகளின் பின், 1897 இல் இவ்வெந்திரம் சுமார் 26 விழுக்காடு வினைத்திறனை எட்டியது.

இறப்பு

காப்புரிமையால் பெருஞ்செல்வம் ஈட்டிய டீசல், வழக்குகளாலும் தவறான முதலீடுகளாலும் அதனை இழந்தார். 1913 செப்டம்பர் 29 இரவு, ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து சென்ற டிரெஸ்டன் கப்பலிலிருந்து காணாமற்போனார். பின்னர் கடலில் மீட்கப்பட்ட உடலிலிருந்த பொருட்களை அவரது மகன் அடையாளங்காட்டினார். தற்கொலை எனப் பலர் கருதினும் அது உறுதிப்படுத்தப்படவில்லை.

தாக்கம்

கப்பல்களிலும் சரக்குந்துகளிலும் பயன்பட்ட இவ்வெந்திரம், 1936 இல் மெர்சிடிஸ்-பென்ஸ் 260 டி மூலம் பயணிகள் சீருந்துக்கும் வந்தது. 45 குதிரைத்திறன் கொண்ட அச்சீருந்து வேகத்தில் எளியது. எரிபொருள் சிக்கனத்திலோ ஒத்த அளவுப் பெட்ரோல் சீருந்தை விஞ்சியது.