திருநீர்மலையும் கலியன் திருமொழியும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஒரு பாட்டு ஒருமுறை கேட்டதுமே நாவில் தங்கிவிடுகிறது. மற்றொன்று கேட்ட மாத்திரத்தில் மறைந்துபோகிறது. இதற்குக் காரணம் யாது? திருமங்கையாழ்வாருடைய சரித்திரத்தையும், அவர் திருநீர்மலைக்கு அருளிச்செய்த திருமொழியையும் கொண்டு இதனை நாம் இங்கே அநுபவிப்போம்.

சோழநாட்டுத் திருக்குறையலூரில், கார்த்திகையில் கார்த்திகை நாளில், சார்ங்கத்தின் அம்சமாக ஆழ்வார் அவதரித்தார். நீலன் என்பது இளமைத் திருநாமம். சோழனுக்குப் படைத்தலைவராய் இருந்து, பரகாலன் என்னும் பெயரும் திருமங்கை நாட்டு ஆட்சியும் பெற்றார். குமுதவல்லி நாச்சியாரை மணக்க விரும்பியபோது, பஞ்சஸம்ஸ்காரம் பெறவேண்டும், ஓராண்டு நாள்தோறும் 1008 ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு அமுது செய்விக்க வேண்டும் என்று அவர் நியமித்தார். கைப்பொருள் தீர்ந்தது, ஆழ்வாரோ ததீயாராதனத்தை விடாமல் வழிப்பறியில் இறங்கினார். எம்பெருமான் பிராட்டியோடு மணக்கோலத்தில் எதிரே வந்தான். பறித்த ஆபரண மூட்டையைத் தூக்க முடியாமல், மந்திரம் ஏதோ செய்தாய், அதைச் சொல் என்று ஆழ்வார் வாளைக் காட்டினார். எம்பெருமானும் திருமந்திரத்தையே அவர் செவியில் அருளினான்.

அந்த நொடியில் பிறந்ததே பெரிய திருமொழியின் முதல் பத்து. வீணாய்க் கழிந்த நாள்களை எண்ணி வருந்துவதில் தொடங்கி, ஒவ்வொரு பாசுரமும் நாராயண நாமத்திலேயே சென்று முடிகிறது. பொருள் எங்கெங்கு சென்றாலும் செவி அந்த ஈற்றடிக்காகக் காத்திருக்கிறது. இரண்டாம் பாசுரத்திலேயே கேட்பவர் வாயும் சேர்ந்து சொல்லத் தொடங்குகிறது. தாம் பெற்ற மந்திரத்தைப் பிறர் நாவிலும் வைப்பதற்கு இதைவிட எளிய வழி உண்டோ?

பின்னர் ஆழ்வார் திவ்யதேசங்கள்தோறும் எழுந்தருளி மங்களாசாஸனம் செய்தார். திருவல்லிக்கேணியைப் பாடியபின், திருக்கடல்மல்லையைப் பாடுமுன், இரண்டாம் பத்தின் நான்காம் திருமொழி திருநீர்மலைக்கு உரியது. இன்று தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் அருகே வீடுகள் சூழ்ந்துள்ள இத்தலத்தை அன்று நீர் சூழ்ந்திருந்தது. மலையை அணுக வழியின்றி ஆழ்வார் எதிரே ஆறு மாத காலம் தங்கி, நீர் வடிந்தபின் ஸேவித்தார் என்று பெரியோர் சொல்லுவர்.

இங்கு எம்பெருமான் அடிவாரத்தில் நீர்வண்ணனாய் நின்றும், மலைமேல் நரஸிம்ஹனாய் வீற்றிருந்தும், ரங்கநாதனாய்ப் பள்ளிகொண்டும், த்ரிவிக்ரமனாய் நடந்தும் ஸேவை ஸாதிக்கிறான். ஆழ்வார் அந்நான்கு நிலைகளையும் ஒன்றுக்கொன்று ஓசை ஒத்த நான்கு சொற்களாக முதற்பாசுரத்தில் அடுக்கினார். அவற்றோடு திருநறையூர், திருவாலி, திருக்குடந்தை, திருக்கோவலூர் என்னும் நான்கு தலங்களையும் சேர்த்தார். ஒரு பாசுரம் அறிந்தவன் ஐந்து திவ்யதேசங்களை அறிந்தவனாகிறான். தாயாரின் அணிமாமலர்மங்கை என்னும் திருநாமமும் அப்பாசுரத்தில் உள்ளதே. பலன் சொல்லும் பத்தாம் பாசுரம் நீங்கலாக ஒன்பதும் மலையின் பெயரிலேயே முடிகின்றன. ஏறிப் பார்த்தால் இது சிறு குன்றே. ஆழ்வாரோ ஈற்றடிதோறும் இதனைப் பெருமலை என்கிறார். காத்திருந்த கண்ணுக்கு அது அப்படியன்றோ தோன்றும்!

ஜனங்கள் வாயில் ஏற்கெனவே இருந்த வடிவங்களையும் ஆழ்வார் விடவில்லை. பெண்கள் எதிரெதிரே நின்று பாடும் சாழல், தும்பியை விளித்தல், பல்லியையும் காக்கையையும் நிமித்தம் சொல்ல வேண்டுதல், தோற்ற அரக்கர் ஆடும் குழமணிதூரம் ஆகிய யாவும் பெரிய திருமொழியில் உண்டு. அரிய சித்திரகவியான திருவெழுகூற்றிருக்கையை இயற்றவல்லவர், எளியோர் விளையாட்டுப் பாட்டிலும் எம்பெருமானை வைத்துப் பாடினார்.

ஆயினும் பாட்டின் இனிமை மட்டும் போதவில்லை. இடைக்காலத்தில் ஆழ்வார்களின் அருளிச்செயல்கள் வழக்கொழிந்தன. திருக்குடந்தை ஆராவமுதன் விஷயமான திருவாய்மொழிப் பதிகத்தைச் சிலர் வாயால் கேட்ட ஸ்ரீமந்நாதமுனிகள், எஞ்சியவற்றைத் தேடிச் சென்று, நம்மாழ்வார் அருளால் நாலாயிரத்தையும் பெற்றார். பின் இசை வகுத்து, தம் மருமக்களான கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் கற்பித்தார். திருநீர்மலைத் திருமொழி நம் செவிக்கு எட்டியது இவ்வழியாலேயே. பத்துப் பாசுரம் எவரோ சிலர் நாவில் தங்கியிராவிடில் தேடுதலும் இல்லை, நாலாயிரமும் இல்லை.

ஆகவே பாட்டு நிலைப்பதற்குக் கவியின் ஆர்த்தியும், மீண்டு வரும் ஈற்றடியும், பாடுவார் நாவும் மூன்றும் வேண்டும். முதல் இரண்டையும் ஆழ்வார் அருளிவிட்டார். மூன்றாவது நம் பங்கு. எந்தத் தேசத்தில் வாழ்ந்தாலும், இப்பத்துப் பாசுரங்களை வீட்டுக் குழந்தையொன்றோடு சேர்ந்து ஸேவிப்போமாக. ஈற்றடியை அக்குழந்தை தானே பிடித்துக்கொள்ளும்.

திருமங்கையாழ்வார் திருவடிகளே சரணம்.